கக்காடு, லிட்ச்ஃபீல்டு, நிட்மிலுக்: வழிகாட்டியோடு முகாம் பயணமா, சொந்தமாக ஓட்டிச் செல்வதா?

செம்மண்தடம்:
வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து புறப்பட்டு இந்த மூன்று தேசியப் பூங்காக்களிலும் முகாமிட்டுத் திரும்பும் குழுப் பயணங்களையே இங்கே எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட பருவத்தில், ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில் கக்காடுவுக்குள் உள்ள ஜபிரு ஊருக்கும், அங்கிருந்து உபிர் பாறை ஓவியங்களுக்கும், யெல்லோ வாட்டர் படகுத்துறைக்கும் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். சாதாரணக் கார் போதும். குழுவோடு போனால் உபிரில் ஒரு மணி நேரத்திற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். எலும்பும் உள்ளுறுப்பும் தெரியும்படி தீட்டப்பட்ட பாரமுண்டி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் அந்தச் சுவரில், எது முந்திய கோடு, எது பிந்திய கோடு என்று கண் பழகுவதற்கே அவ்வளவு நேரம் ஆகும்.

நீரல்லி:
தார்ச்சாலை போகும் இடங்களுக்கு நீங்கள் சொல்வது சரி, ஐயா. கக்காடுவின் ஜிம் ஜிம் அருவிக்கு என்ன செய்வீர்கள்? நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சுமார் 50 கி.மீ. மண்சாலை, அது முடிந்ததும் ஃபோர் வீல் வண்டி மட்டுமே போகக்கூடிய 10 கி.மீ. மணலும் குழியும், அதன் பிறகு பெரும் பாறைகளைப் பற்றி ஏறி இறங்கும் நடை என்று இருக்கிறது அந்த வழி. மண்சாலையில் ஓட்டினாலோ இருட்டிய பின் ஓட்டினாலோ காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறார்கள்.

முதலைகளையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1971-இல் வேட்டை தடைசெய்யப்பட்டபோது இந்த வட ஆட்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) உவர்நீர் முதலைகள் ஏறத்தாழ 3,000 தான் எஞ்சியிருந்தன. இன்று அவை 1,00,000 அளவில் இருக்கின்றன. மழைக்கால வெள்ளத்தில் அவை மேட்டு நீர்நிலைகள் வரை ஏறிவிடுவதால், ஒவ்வோர் ஆண்டும் நீர் வடிந்த பிறகு பூங்காக் காவலர்கள் கூண்டு வைத்தும் இரவில் விளக்கடித்துத் தேடியும் பார்த்த பின்னரே குளிக்கும் இடங்களைத் திறக்கிறார்கள். புதிதாக வருபவர் கண்ணுக்கு எல்லாத் தண்ணீரும் தெளிந்த தண்ணீராகத்தான் தெரியும்.

செம்மண்தடம்:
எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே இறங்கக் கூடாது என்பதைப் பூங்கா நிர்வாகமே இணையத்திலும் பலகைகளிலும் அறிவிக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். என் மனக்குறை வேறு. வழிகாட்டிகளில் பலருக்கு வழி தெரிகிறது, நிலம் தெரியவில்லை. நான் சென்ற குழுவின் வழிகாட்டி, கக்காடுவின் புருங்குய் பாறையில் உள்ள நமர்கோன் ஓவியத்தின் முன் நின்று, "இவர்தான் மின்னல் மனிதர்" என்ற ஒரே வாக்கியத்தோடு நகர்ந்துவிட்டார். கைகளையும் கால்களையும் தலையையும் இணைத்து ஓடும் அந்தப் பட்டைதான் மின்னல் என்பதையும், முழங்காலிலும் முழங்கையிலும் உள்ள கற்கோடரிகளால்தான் அவர் இடியை எழுப்புகிறார் என்பதையும், மழைக்கு முன் தோன்றும் ஆரஞ்சும் நீலமுமான வெட்டுக்கிளிகள் அவருடைய பிள்ளைகள் என்பதையும் பின்னர் அந்த மண்ணின் பழங்குடியான பினிஞ் மக்களைச் சேர்ந்த ஒரு வழிகாட்டி சொல்லித்தான் அறிந்தேன்.

மாலைக்காற்று:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்பவர்களுக்கு இந்த இரண்டு யோசனைகளும் பொருந்தா. லிட்ச்ஃபீல்டு போதும், டார்வினிலிருந்து ஒரே நாளில் வாங்கி அருவியையும், வெயிலைச் சமாளிக்க வடக்கு தெற்காக நிமிர்ந்து நிற்கும் கறையான் புற்றுகளையும் பார்த்துத் திரும்பலாம்.

நீரல்லி:
அம்மாவுக்கு அதுதான் ஏற்றது, சகோதரி. செம்மண்தடம் அவர்களே, பலகை போதும் என்கிறீர்கள். கக்காடுவின் குன்லோம் அருவியில் நடைபாதை அமைத்தபோது ஜாவோயன் பழங்குடி மக்களின் புனித இடத்தைப் பூங்கா நிர்வாகமே மீறிவிட்டதால், 2019-இல் அந்த இடத்தை மூட வேண்டியதாயிற்று. நிர்வாகத்துக்கே தெரியாமல் போன எல்லை, காரில் வந்து இறங்கும் நமக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கித்தான் உறைக்குள் மெத்தை வைத்த ஸ்வாக்கைத் தரையில் விரித்துப் படுத்து, விடியலில் அந்தக் கித்தான் பனியில் நனைந்திருப்பதைக் கையால் தடவியபடி எழும்போது, தொலைவில் புகை தெரியும். பருவத் தொடக்கத்தில் புல்லை மெல்ல எரித்துவிட்டால் பிற்பாடு பெருந்தீ பிடிக்காது என்று உடனிருப்பவர் அந்த இடத்திலேயே விளக்குவார். தனியாக வந்தவருக்கு அது காட்டுத்தீ பற்றிய பயம் மட்டுமே.

செம்மண்தடம்:
குன்லோம் என் பக்கத்துச் சான்று. தெரிந்தவர் வேண்டும் என்றால், அந்த மண்ணின் உரிமையாளரே வேண்டும். 1989-இல் நிட்மிலுக் ஜாவோயன் மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. கக்காடுவையும் பினிஞ், முங்குய் மக்களும் அரசும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். ஆகவே, காரில் போங்கள். கிழக்கு அலிகேட்டர் ஆற்றில் பழங்குடியினரே நடத்தும் குலுயம்பி படகில் ஏறுங்கள். ஜிம் ஜிம் அருவிக்கு மட்டும் ஒருநாள் வண்டியில் இடம் பிடியுங்கள். பணமும் போக வேண்டிய கைக்குப் போகும்.

நீரல்லி:
படகைப் பற்றி மறுப்பில்லை. எந்தக் குழுப் பயணத்தில் சேர்ந்தாலும் அது பட்டியலில் இருக்கிறதா, உபிரில் மாலை வரை நிறுத்துவார்களா என்று கேட்ட பிறகே பணம் கட்ட வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் கைப்பேசித் தொடர்பு இல்லாத சாலையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியாத குடும்பத்தை, "கார் போதும்" என்று நான் அனுப்பமாட்டேன்.