ஒட்டகச்சிவிங்கியின் வளைந்த குளம்பு: மயக்க ஊசிதான் தடையா?

தாழை:
சென்ற மாதம் குடும்பத்துடன் ஓர் உயிரியல் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். கீழ்நிலை ஊழியர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் அடைப்புக்கு முன் கூட்டம் முழுவதும் அண்ணாந்து நின்றிருக்க, என் ஐந்து வயது மகள் மட்டும், “அப்பா, அது ஏன் கூர்மூக்குச் செருப்புப் போட்டிருக்கு?” என்று கேட்டாள். அவள் உயரத்துக்குக் கால்தான் தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன்: முன்னங்கால் இரண்டிலும் குளம்பின் பிளவுகள் நீண்டு, நுனியில் மேல்நோக்கி வளைந்து, கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஊழியரிடம் விசாரித்ததற்கு, “மயக்க ஊசி போட்டால் செத்துப்போகும் சார், அதனால் தொடுவதில்லை” என்றார். அந்தப் பதில் ஊசி போடும் ஒரு நாளின் ஆபத்தைச் சொல்கிறதே தவிர, குளம்பு அந்த நீளத்துக்கு வளரும் வரை எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

மருந்துப்பெட்டி:
அந்த ஊழியர் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம். வன விலங்குகளுக்கு மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒட்டகச்சிவிங்கியை மயக்குவதைப் போல் வயிற்றைக் கலக்கும் வேலை வேறு இல்லை. ஏறத்தாழ இரண்டு மீட்டர் கழுத்துக்கு மேலே இருக்கும் மூளைக்கு இரத்தத்தை ஏற்றுவதற்காக, மனிதருடையதைப் போல் இரு மடங்கு இரத்த அழுத்தத்தில் ஓடும் உடல் அது. மருந்து ஏறியதும் 800 முதல் 1,200 கிலோ வரையுள்ள அந்த உடல் நின்ற உயரத்திலிருந்து சாயும்போது கால் முறியலாம், கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம். அசைபோடும் விலங்கு என்பதால் வயிற்றில் உள்ளது எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போகலாம். எழுந்து நின்றுவிட்டதே என்று நாம் நிம்மதியடைந்த பிறகு, தசைகள் சிதைந்து சில நாள் கழித்து இறப்பதும் உண்டு. வெளிமான் கூட்டத்தைக் குளம்பு சீவுவதற்காக விரட்டிப் பிடித்தாலும் இந்தத் தசைச் சிதைவுதான் எமனாக வருகிறது. அழகு குறைந்த குளம்போடு உயிருடன் நிற்கும் விலங்கா, சீவிய குளம்போடு கிடக்கும் சடலமா என்று கேட்டால், எந்த மருத்துவரும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

லாடக்காரர் பேரன்:
ஐயா, அது அழகுப் பிரச்சினை என்ற இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். என் தாத்தா வண்டிக் குதிரைகளுக்கு லாடம் கட்டியவர். குதிரையைப் பார்ப்பதற்கு முன் அது நின்ற தரையைப் பார்ப்பார். குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும், தேய்மானம் இல்லாவிட்டால் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவியாக வேண்டும். முன்நுனி நீண்டுவிட்டால் பாரம் குதிப் பக்கம் சாயும். அந்தச் சாய்வைக் காலின் பின்பக்கத் தசைநாண்கள் இரவும் பகலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், குளம்புக்குள் இருக்கும் எலும்பும் மூட்டும் கோணலாக அழுத்தம் வாங்கும். பிளவு இரண்டாக இருப்பது தவிர, ஒட்டகச்சிவிங்கியின் காலிலும் இந்தக் கணக்கு மாறாது. நாம் நகம் வெட்ட மறந்தால் நடை மாறுவதில்லை. குளம்பு என்பது அந்த விலங்கு நிற்கும் இடமே ஆகும்.

மருந்துப்பெட்டி:
உங்கள் தாத்தா குதிரையின் காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டார். பல ஆயிரம் ஆண்டுகள் மனிதனோடு பழகிய இனம் அது. இதுவோ ஓர் உதையில் சிங்கத்தைக் கொல்லக்கூடிய விலங்கு. அதன் காலடியில் உட்கார்ந்து அரத்தை எடுப்பதற்கு நீங்கள் யாரை அனுப்புவீர்கள்?

தாழை:
யாரையும் உள்ளே அனுப்பத் தேவையில்லை, ஐயா. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள செயேன் மவுண்டன் உயிரியல் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கிகளே முன்னங்காலை நீட்டிக் கொடுக்கப் பழகியிருக்கின்றன. இதற்கென்று தனித்திறமை கொண்ட விலங்கு எதுவும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். முதலில் மரக்கட்டையில் கால் வைத்தால் ஒரு கொத்துத் தழை. அடுத்து, தூரிகையால் தொடும்போது காலை எடுக்காமல் இருந்தால் மீண்டும் தழை. பல வாரங்கள் கழித்துத்தான் அரம். வேலை செய்பவர் தடுப்புக்கு வெளியே நிற்கிறார், விலங்குக்குப் பிடிக்காவிட்டால் காலை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மயக்க மருந்து ஒரு சொட்டும் இல்லை. இதே முறையில் குளம்பை எக்ஸ்ரே எடுக்கவும் முடிகிறது. ஆகவே ஊசியா, வளைந்த குளம்பா என்ற இரண்டே வழிதான் உண்டு என்பது, மூன்றாவது வழியைத் தொடங்க வேண்டிய காலத்தில் தொடங்காதவர்களுக்கு மட்டுமே உண்மையாகத் தோன்றும்.

நடுத்தெரு:
மனிதர்களே அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு குளம்புக்கு இவ்வளவு நீளமான விவாதமா?

லாடக்காரர் பேரன்:
அதைக் காட்டித்தான் நுழைவுச் சீட்டு விற்கிறார்கள், நண்பரே. அது தானாக வரிசையில் வந்து நிற்கவில்லை.

பசுந்தழை:
இரண்டு தரப்பும் அரத்தையே பிடித்துக்கொண்டு நிற்பதால் தீவனத் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒட்டகச்சிவிங்கி மரத்தழை தின்னும் விலங்கு. வேலமரத்து முள்ளுக்கிடையில் நாக்கை விட்டு இலையை உருவித் தின்று நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது. அடைப்பில் அதற்குத் தழை போதாதபோது தானியம் மிகுந்த அடர்தீவனத்தால் வயிற்றை நிரப்பினால், முதல் வயிற்றில் அமிலம் கூடும். அந்த அமிலக் கோளாறு குளம்பின் சுவருக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள மென்திசுவை வீங்கச் செய்து, வளர்ச்சியையே கோணலாக்கிவிடும். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. போதாக்குறைக்குப் பார்வையாளர்கள் நீட்டும் ரொட்டியும் வாழைப்பழமும். தரையையும் சொல்ல வேண்டும்: முழுவதும் மெத்தென்ற மண்ணாக இருந்தால் குளம்பு தேயாது, முழுவதும் சிமென்டாக இருந்தால் அடிப்பாகம் அளவுக்கு மீறித் தேய்ந்து மூட்டு வலிக்கும், மழைக்காலத்தில் சேறும் சிறுநீரும் கலந்து ஊறினால் குளம்பு மெத்துப்போய்க் கிருமி ஏறும். இவற்றை மாற்றாமல் சீவிக்கொண்டே இருந்தால், சில மாதங்களில் அதே செருப்பை மீண்டும் பார்ப்பீர்கள். பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை முழு மருந்தாகத் தாழை அவர்கள் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

மருந்துப்பெட்டி:
பசுந்தழை அவர்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. தாழை அவர்களின் மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் ஒன்று: பயிற்சி விலங்குக்கு மட்டும் தரப்படுவதன்று, ஒரு குறிப்பிட்ட பராமரிப்பாளரின் குரலுக்கும் கைக்கும் அது பழகுகிறது. நான் இருந்த இடத்தில் அந்தப் பராமரிப்பாளர் தினக்கூலி. ஆறு மாதம் பழக்கிய பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், புதிதாக வந்தவரைக் கண்டதும் விலங்கு கொட்டகையின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டது. நான் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை, அதற்கு மேல் நான் வற்புறுத்தவும் இல்லை. ‘மயக்க ஊசி ஆபத்து’ என்ற வரியைக் கோப்பில் எழுதியவர்களில் நானும் ஒருவன். அது பொய்யான வரி அன்று. ஆனால் அதை எழுதிய பிறகு யாரும் நம்மை வேறு எதுவும் கேட்பதில்லை என்ற வசதி அதில் இருந்தது.

தாழை:
இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, ஐயா. நான் சென்றது அரசுப் பூங்கா என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த விலங்கின் குளம்பைக் கடைசியாக அளந்தது அல்லது சீவியது எந்தத் தேதியில், ஒரு நாளுக்குத் தரும் தழை எவ்வளவு, அடர்தீவனம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்துக்காக ஆய்வு செய்தபோது காலைப் பற்றி ஏதேனும் குறிப்பு எழுதியதா என்பதும் உண்டு. வேறு என்ன சேர்க்கலாம்?

மருந்துப்பெட்டி:
அந்த அடைப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பராமரிப்பாளர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள். மீண்டும் போனால் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். விலங்கு சமதளத்தில் நிற்கும்போது, கேமராவைத் தரையோடு வைத்து, பக்கவாட்டிலிருந்து நான்கு காலையும் தனித்தனியாக எடுங்கள். குளம்புச் சுவரில் குறுக்கே வளையங்கள் தெரிந்தால் அவற்றுக்கு இடையிலான அகலமும் புலப்பட வேண்டும். படங்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.