ஈகோ மோடில் ஓட்டியும் மைலேஜ் ஏறவில்லை, மலையேறும்போது வண்டி திணறுகிறது – உதவி வேண்டும்

பீளமேட்டுவாசி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி, போன வருஷம் வாங்கியது. ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று மோட் இருக்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று வாங்கிய நாளிலிருந்து ஈகோவிலேயே ஓட்டுகிறேன். ஆனால் சேலம், சென்னை என்று பைபாஸில் போகும்போது ஈகோவில் போட்டாலும் நார்மலில் போட்டாலும் மீட்டர் காட்டும் மைலேஜ் ஒன்றுதான், 16 பக்கத்தில் நிற்கிறது. டவுனுக்குள் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது.

அதைவிடப் பெரிய கவலை மலைப்பாதை. கல்லாறு தாண்டி குன்னூர் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மறுபடி மிதித்தால் வண்டி எடுக்கவே மாட்டேன் என்கிறது, அப்புறம் ஒரு குலுக்கலோடு கியர் இறங்கி சடாரென்று பாய்கிறது. பின்னால் பஸ் ஒட்டி வரும்போது இது நடந்தால் கை நடுங்குகிறது, பின் சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வேறு. போன முறை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்துங்கள் என்று எச்சரிக்கை வந்தது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன், கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஈகோ உண்மையிலேயே பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறதா? மலைக்கு எந்த மோட்? ஸ்போர்ட்டில் ஸ்டியரிங் இறுக்கமாகிறதே, அப்படியென்றால் வளைவில் ரோட்டை நன்றாகப் பிடிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்காரன்:
பைபாஸில் என்ன வேகத்தில் போகிறீர்கள் அண்ணா? டயரில் காற்று எவ்வளவு?

பீளமேட்டுவாசி:
100லிருந்து 110 வரைக்கும் போவேன் தம்பி. காற்று 33 வைத்திருக்கிறேன்.

பழைய பட்டறை:
நீங்கள் மிதிக்கிற பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இன்று கம்பி கிடையாது. பெடலில் ஒரு சென்சார், அது சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டர்தான் திராட்டிலை, அதாவது இன்ஜினுக்குள் காற்று விடும் கதவை, திறக்கிறது. மோட் மாற்றும்போது முதலில் மாறுவது இந்தக் கணக்கு. ஈகோவில் பாதி மிதித்தால் பாதிக்கும் குறைவாகக் கேட்ட மாதிரி எடுத்துக்கொள்ளும், ஸ்போர்ட்டில் அதே மிதிக்கு அதிகமாகத் திறக்கும். இரண்டாவது, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாறும் நேரம். ஈகோ சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும், ஸ்போர்ட் கீழ் கியரிலேயே பிடித்து வைத்திருக்கும். மூன்றாவது ஸ்டியரிங் மோட்டார் தரும் உதவி. நான்காவது, பல வண்டிகளில் ஈகோ போட்டால் ஏசி கம்ப்ரசரையும் கொஞ்சம் அடக்கி ஓட்டும். உங்கள் விலையில் கிடைக்கும் வண்டிகளில் அநேகமாக இவ்வளவுதான். இன்ஜின் அதே இன்ஜின், எடை அதே எடை.

இப்போது பைபாஸுக்கு வாருங்கள். ஒரே வேகத்தில், டாப் கியரில் போகும்போது அந்த வேகத்தைத் தக்கவைக்க இவ்வளவு சக்தி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காற்றும் டயரும்தான். ஈகோவில் இருந்தால் கால் கொஞ்சம் அதிகம் அழுத்தும், நார்மலில் கொஞ்சம் குறைவாக அழுத்தும், இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல் ஒன்றேதான். அதனால்தான் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும், 90லிருந்து 110க்குப் போனால் அந்தத் தடை மட்டும் கிட்டத்தட்ட பாதியளவு கூடிவிடுகிறது. மோடை மறந்துவிட்டு ஒரு முறை 90லேயே சேலம் போய்ப் பாருங்கள், எந்தப் பட்டனும் தராத மிச்சம் அதில் கிடைக்கும்.

டவுனில் கதை வேறு. சிக்னலுக்குச் சிக்னல் எடுத்து நிறுத்தும் இடத்தில், சீக்கிரம் மேல் கியருக்குப் போவதும் மெதுவாக வேகம் எடுப்பதும் நிஜமாகவே மிச்சம். பெட்ரோல் இன்ஜின் அதிக ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) திராட்டில் பாதி மூடிய நிலையில் சுற்றும்போதுதான் வீணடிக்கும், காற்றை உறிஞ்சி இழுப்பதற்கே சக்தி போய்விடும். ஈகோ அதைக் குறைக்கிறது. ஆனால் வண்டி மந்தமாக இருக்கிறதே என்று நீங்களே இன்னும் ஆழமாக மிதித்தால் அந்த மிச்சம் இல்லாமல் போய்விடும்.

டேட்டா பார்ப்பவன்:
மேலே ஐயா சொன்னதை நானே என் வண்டியில் ஓபிடி கருவி (வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் போனில் காட்டுவது) சொருகி, பக்கத்தில் தம்பியை உட்கார வைத்துப் பார்த்தேன். பெருந்துறை தாண்டிச் சமதளமான இடத்தில் குரூஸ் கன்ட்ரோல் போட்டு 90இல் மோடை மட்டும் மாற்றினால் போனில் திராட்டில், இன்ஜின் லோட், ஆர்பிஎம் மூன்றும் அசையவே இல்லை. குரூஸை எடுத்துவிட்டுக் காலால் ஓட்டினால் பெடல் எண் மட்டும் ஈகோவில் மேலே நிற்கிறது, ஸ்போர்ட்டில் கீழே வருகிறது. ஸ்போர்ட்டில் ஒரு கியர் இறக்கி வைத்துக்கொள்ளும் வண்டியாக இருந்தால் மட்டும் ஆர்பிஎம் ஏறும், அங்கே பெட்ரோல் நிச்சயம் கூடும்.

இன்னொன்று, மீட்டர் காட்டும் மைலேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோகட் ஆனதும் நிறுத்தி, அடுத்த முறையும் அப்படியே நிரப்பிக் கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள். மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் எடுங்கள். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆக டேங்க் முழுக்கப் பார்த்தால் ஆறேழு சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. மோட் மேல் பழி போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்.

கோத்தகிரி டீச்சர்:
நான் தினமும் மலையில் ஓட்டுகிறேன், பள்ளிக்கூடம் போக வர. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

மலையேறும்போது ஈகோ வேண்டாம். டூயல் கிளட்ச் வண்டி ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியரைத் தயாராக மாட்டி வைத்திருக்கும். ஈகோவில் அது பெரும்பாலும் மேல் கியரைத்தான் எதிர்பார்த்து மாட்டி வைக்கும். நீங்கள் வளைவில் மெதுவாகி, திடீரென்று மிதித்தால், மாட்டியதைக் கழற்றிக் கீழ் கியரை மாட்ட வேண்டும். அந்தத் தாமதமும் அதற்குப் பிறகு வரும் குலுக்கலும்தான் நீங்கள் சொல்வது. இதற்கு நான் செய்வது, வளைவுக்கு முன்னாலேயே, பிரேக் பிடிக்கும்போதே, மேனுவலில் தட்டி 2ஆம் கியருக்குக் கொண்டுவந்துவிடுவேன். வளைவுக்குள் கியர் மாறக்கூடாது, அவ்வளவுதான். நேரான ஏற்றத்தில் 3. இப்படி ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைசுற்றலும் குறையும், ஏனென்றால் தலைசுற்றலுக்கு வளைவு பாதி, இந்த இழுப்பும் பாய்ச்சலும் பாதி. கியர் தட்ட வராது என்றால் நார்மல் போடுங்கள், அதுவும் தயங்கினால் ஸ்போர்ட்.

சூடு எச்சரிக்கை முழுக்க ஊர்ந்து போவதால் வருவது. ஏழு கியர் டூயல் கிளட்ச் பலவும் எண்ணெயில் ஊறாத டிரை கிளட்ச். லாரிக்குப் பின்னால் நடை வேகத்தில் ஏறும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் அரைபட்டுக்கொண்டே இருக்கும், சூடு போக வழியில்லை. லாரி நகரும்போதெல்லாம் கூடவே நகராதீர்கள். பிரேக் பிடித்து நில்லுங்கள், ஒரு பஸ் நீளம் இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் அந்த இடைவெளியைக் கடந்து மறுபடி நில்லுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நின்றதும் தானே பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் இருந்தால் அது போதும்.

பவானிக்காரன்:
இறங்கும்போது நியூட்ரலில் போட்டு விட்டால் பெட்ரோலே செலவாகாது என்று எங்கள் ஊர் டிரைவர்கள் சொல்வார்கள், ஈகோவை விட அது நல்ல மிச்சம் இல்லையா?

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லியும் கொடுக்காதீர்கள். கியரில் வைத்துக் காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். ஆக மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. மொத்த எடையும் பிரேக் பேடின் தலையில் விழும், சூடாகி மங்கிவிட்டால் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, அங்கே இப்படிப் போன வண்டிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

ஈகோவில் இன்னொரு விஷயம். சில டூயல் கிளட்ச் வண்டிகளில் ஈகோ போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதுவே கிளட்சைப் பிரித்துவிட்டு மிதக்க விடும். சமதளத்தில் அது நல்லதுதான், இறக்கத்தில் வேண்டாத வேலை. இறங்கும்போது காலை எடுத்ததும் ஆர்பிஎம் முள் ஐட்லிங்குக்கு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் உடனே மேனுவலில் 2.

பழைய பட்டறை:
டீச்சரம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஸ்டியரிங் கேள்விக்கு நான் முடித்துவிடுகிறேன். ஸ்போர்ட்டில் கனமாவது மோட்டார் உதவியைக் குறைப்பதால். சக்கரம் திரும்பும் கோணம் மாறவில்லை, ரோட்டைப் பிடிப்பது டயர் மட்டும்தான், அதற்கு எந்த மோட் என்று தெரியாது. சஸ்பென்ஷனையே இறுக்கும் வண்டிகள் உண்டு, அவை விலை வேறு. பைபாஸில் வேகத்தில் ஸ்டியரிங் கனமாக இருந்தால் கை நிதானமாக இருக்கும், சிலருக்கு அது நம்பிக்கை தரும், அந்த அளவுக்கு நல்லது. ஆனால் மழையில் ஸ்போர்ட் போடாதீர்கள். லேசாக மிதித்தாலே டர்போ இழுப்பு முன்சக்கரத்துக்கு வந்து ஈரத்தில் சுழலும், சில வண்டிகளில் வழுக்கல் கட்டுப்பாடும் அந்த மோடில் தாமதமாகத்தான் தலையிடும். மழைக்கு, மூடுபனிக்கு, சேற்றில் மெதுவாக எடுப்பதற்கு ஈகோவின் மந்தமே உதவி. ஸ்னோ மோட் இருக்கும் வண்டி என்றால் நம்மூர்ப் பனிக்கு இல்லாவிட்டாலும் ஈரப் புல்லில் அதைப் போட்டுப் பாருங்கள், வேலை செய்யும்.

மதுரை ஹைப்ரிட்:
எங்கள் வீட்டில் ஸ்ட்ராங் ஹைப்ரிட், பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த வண்டி. அதில் ஈகோ மோடுக்கும் பவர் மோடுக்கும் டவுனில் நல்ல வித்தியாசம் தெரிகிறது, மிதி மென்மையாக இருந்தால் பேட்டரியிலேயே அதிக நேரம் ஓடும். அதனால் எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு சந்தேகம், ஏப்ரல் மே மாதத்தில் ஈகோ போட்டால் ஏசி குளிரவே மாட்டேன் என்கிறது, இது எல்லோருக்கும் உண்டா?

டேட்டா பார்ப்பவன்:
பல வண்டிகளில் உண்டு. கம்ப்ரசரைக் குறைத்து ஓட்டுவதால் வருவது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் முதலில் நார்மலில் போட்டுக் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றுங்கள், உள்ளே குளிர்ந்த பிறகு ஈகோ. சில வண்டிகளில் ஏசியை மட்டும் தனியாக நார்மலில் வைக்கும் வசதி மெனுவுக்குள் இருக்கும், தேடிப் பாருங்கள்.

பீளமேட்டுவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் மறுபடி குன்னூர் போய் வந்தேன். நார்மலில், வளைவுக்கு முன்னாலேயே 2 தட்டி ஏறினேன், அந்தக் குலுக்கல் வரவே இல்லை, அம்மா வழியில் நிறுத்தச் சொல்லவும் இல்லை. டீச்சர் சொன்ன மாதிரி லாரிக்கு இடைவெளி விட்டேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஆனால் எச்சரிக்கை வரவில்லை. இறங்கும்போது ஈகோவில் காலை எடுத்துப் பார்த்தேன், முள் உண்மையிலேயே விழுகிறது, இவ்வளவு நாள் பிரேக்கில்தான் இறங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். சமதளத்தில், டவுனில், 1லிருந்து 2க்கு மாறும்போதும் லேசான உதறல் இருக்கிறது, எந்த மோடில் போட்டாலும். இதற்கும் மோடுக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய பட்டறை:
இல்லை, எல்லா மோடிலும் வந்தால் அது கிளட்ச் விஷயம். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கற்று வைத்திருக்கும், தேய்மானத்தால் அது விலகியிருக்கலாம். சர்வீஸ் சென்டரில் கிளட்ச் அடாப்டேஷன் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், கியர்பாக்ஸுக்குப் புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அதன்பிறகும் உதறினால் கிளட்ச் பேக்கையே கழற்றிப் பார்க்க வேண்டும். பேச்சோடு விடாதீர்கள், உதறல், சூடு எச்சரிக்கை இரண்டையும் ஜாப் கார்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே.