மறுமொழி: அம்பு உட்காரும் உறுப்புக்கு ஒரு சொல் (திங்களுக்குள்)

நண்பர்களுக்கு,
அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கான வில் கையேடு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். பிடிக்கு மேலே, எய்யும்வரை அம்பு உட்கார்ந்திருக்கும் சின்ன உறுப்பை ‘ஏரோ ரெஸ்ட்’ என்கிறார்கள். மானுக்கு எதைத் தேர்வது என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. மயிர்க்குச்சம் வைத்த வளையம் ஒரு வகை: பரணிலிருந்து குனிந்தாலும் அம்பு நழுவாது, ஆனால் இறகு உரசிக்கொண்டு போகும். இன்னொன்று, நாணை விட்டதும் கீழே சாய்ந்து இறகுக்கு வழிவிடும். மூன்றாவது வெறும் இரட்டைக் கவர், கிளைபோல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அடைமொழி போட வேண்டியிருப்பதால் சொல் சின்னதாக இருந்தால் நல்லது. ‘அம்புத்தாங்கி’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன்.
– தங்கச்சிமடம்

நடுவில் ‘த்’ எதற்குத் தம்பி? அம்பைத் தாங்குவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. இடிதாங்கி, சுமைதாங்கி எல்லாம் மிகாமல்தானே நிற்கின்றன? அதைவிட ‘அம்பணை’ அழகு. பஞ்சணை, தலையணை வரிசையில் சேரும்.
– திருப்புல்லாணி

அம்பணையில் ஏற்கெனவே பீஷ்மர் படுத்திருக்கிறார் ஐயா.
– கீழக்கரை

எங்கட பக்கம் தாங்கி எண்டால் தண்ணீர்த் தாங்கி. யுத்த தாங்கியும் உண்டு. அம்புதாங்கி எண்டால் அம்பு போட்டு வைக்கிற தொட்டி எண்டுதான் விளங்கும். ‘கவை’ எண்டு வையுங்கோ.
– மன்னார்

கவை இரட்டைக் கவருக்குப் பொருந்தும். வளையத்துக்கு?
– கீழக்கரை

வேரிலிருந்து வருவோம். கோடு, கோட்டம், கொடுமை, கோடி எல்லாம் வளைவைக் குறிக்கும் ஒரே குடும்பம். ‘கணைகொடிது யாழ்கோடு செவ்விது’ என்ற குறளில் கொடுமையும் கோடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தனுஷ்கோடியில் ‘தனுஷ்’ வடமொழியாக இருக்கலாம், ‘கோடி’ நம்முடையது என்பது என் கட்சி. வடக்கே போய்த் திரும்பி வந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ‘கணைக்கோடு’.
– திருப்புல்லாணி

ஐயா, கணைக்கோடு என்றால் என்னிடம் வில் பயிலும் பிள்ளைகள் ஸ்கேலை எடுத்துக் கோடு போடுவார்கள். அவர்களுக்கு அது ‘ரெஸ்ட்’. மரபு வில்லில் பெரும்பாலும் இந்த உறுப்பே கிடையாது, வில் பிடித்த கைதான் அம்புக்கு இருக்கை. இல்லாத ஒன்றுக்கு இலக்கியத்தில் எங்கே போய்ப் பெயர் தேடுவது? தம்பிக்கு இரண்டு செய்தி: கவரில் கம்பளித் துண்டு ஒட்டச் சொல்லியிருந்தால் விட்டுவிடாதீர்கள், நாண் இழுக்கையில் அம்பு உரசும் சத்தத்துக்கே மான் ஓடிவிடும். அப்புறம், 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம் என்று ஓர் அடிக்குறிப்பு. நாங்கள் எய்வது அட்டையில்தான். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கவரில் வைத்த அம்பு நிற்காது, அதனால் எங்களுக்கு வளையம்தான் தோது.
– மண்டபம்

‘த்’ எடுத்தாயிற்று. முதல் இடத்தில் ‘அம்புதாங்கி என்கிற ரெஸ்ட்’, பிறகு அம்புதாங்கி மட்டும். கீழக்கரையும் மண்டபமும் சரி என்கிறார்கள். வளைய அம்புதாங்கி, கவர் அம்புதாங்கி, சாயும் அம்புதாங்கி.
– தங்கச்சிமடம்

சாயுறது அம்போ, தாங்கியோ? இதுக்குத்தான் கவை எண்டு சொன்னனான். சாயும் கவையில குழப்பமே இல்லை.
– மன்னார்

‘சாய் தாங்கி’ என்று வினைத்தொகையாக்கினால் தீரும். வினைத்தொகையிலும் வலி மிகாது.
– திருப்புல்லாணி

அது நாற்காலி ஐயா. கோப்பு போய்விட்டது.
– தங்கச்சிமடம்