கம்ப்யூட்டர் தண்ணீர் கூலிங்: டி5 பம்பா, டிடிசியா, ஏர்கூலர் மோட்டாரே போதுமா?

மாடிரூம் எடிட்டர், திருநகர்

வணக்கம். திருநகரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு, இரண்டும் ஒரே கேபினெட்டில். அறை மாடியில், ஏசி கிடையாது, தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் வரிசையாக வரும்போது ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும், அப்போது ஃபேன் போடுகிற சத்தத்தில் நாதஸ்வரத்துக்கு அடியில் இருக்கிற இரைச்சலைக் காதால் பிரிக்கவே முடியவில்லை. அதனால் கஸ்டம் லூப், அதாவது பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்ற விட்டுச் சூட்டை இறக்குகிற அமைப்பு, போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். சூட்டைத் தண்ணீருக்கு மாற்றுகிற செம்பு பிளாக் பிராசசருக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, அந்தத் தண்ணீரை ஆற வைக்க 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் இரண்டு. அதில் ஒன்றை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடு நிழலில், கேபினெட்டிலிருந்து ஆறடி உயரத்தில் மாட்ட ஆசை. பாதிச் சூடாவது அறைக்குள் வராமல் இருக்கும்.

பம்பில்தான் குழப்பம். டி5, டிடிசி என்று இரண்டு வகை. டி5 மணிக்கு 1500 லிட்டர், சுமார் 4 மீட்டர் தூக்கும் என்று போட்டிருக்கிறது. டிடிசி 1000 லிட்டர்தான், ஆனால் 5 மீட்டருக்கு மேல் தூக்குமாம். உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்றால் டிடிசிதானா? இன்னொன்று, விலையைப் பார்த்துவிட்டு என் மாமா, "ஏர்கூலர் மோட்டார் 18 வாட்தான், அதையே ஒரு டப்பாவில் முக்கிப் போடேன்" என்கிறார். ஏன் கூடாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காயில்கடை, மேலூர்

தம்பி, எங்கள் குடும்பத்துக்கு மோட்டார் வைண்டிங் கடை, கிணற்று மோட்டார் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான், என் சிஸ்டத்திலும் மூன்று வருடமாக டி5 ஓடுகிறது, அதனால் உயரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றுகிற மாதிரி இதை நினைக்காதீர்கள். அங்கே ஏறின தண்ணீர் தொட்டியிலேயே நின்றுவிடும், திரும்பி வராது. உங்கள் லூப் மூடின வளையம். ஒரு பக்கம் ஏறுகிற தண்ணீரின் எடையை, மறுபக்கம் இறங்குகிற தண்ணீர் சமன் செய்துவிடும், கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டின ராட்டினம் மாதிரி. நிரம்பி ஓட ஆரம்பித்த பிறகு பம்ப் சமாளிக்க வேண்டியது பிளாக், டியூப், ரேடியேட்டர் இவற்றின் உரசலை மட்டும்தான். முதல் தடவை நிரப்பும்போது மட்டும் ஆறடி நிஜமாகவே தூக்கியாக வேண்டும், அது 2 மீட்டர்கூட இல்லை, டி5க்கே தாராளம்.

பெட்டியில் போட்டிருக்கிற 1500 லிட்டர் எதுவும் மாட்டாமல் ஓட்டினால் வருவது, 4 மீட்டர் என்பது ஓட்டமே நின்றுபோகிற உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் கடையில் தினமும் சொல்கிற விஷயம் இது.

டி5யை ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். தண்டே கிடையாது. கிண்ணம் மாதிரி ஒரு ரோட்டார், அது ஒரு சின்ன வெள்ளைப் பீங்கான் உருண்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, காந்த இழுப்பில் அப்படியே நின்று சுற்றுகிறது. தண்டு இல்லாததால் தேய்ந்து ஒழுகுவதற்கு சீலும் கிடையாது. எங்கள் கடைக்கு வருகிற மோட்டாரில் முக்கால்வாசிக்கு சீலும் பேரிங்கும்தான் வியாதி, அதனால் இதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ஆனால் அந்த உருண்டைக்கு எண்ணெய், கிரீஸ் எல்லாமே ஓடுகிற தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் போச்சு. டிடிசியும் அப்படித்தான். இரண்டும் தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே ரிசர்வாயர், அதாவது தண்ணீர் நிற்கிற டப்பா, பம்புக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீர் தானாக இறங்கி பம்பை நிறைக்க வேண்டும். ரிசர்வாயரும் பம்பும் சேர்ந்தே வருகிற காம்போ வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

புதூர்வாசி

மேலே அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கு. 170 வாட் பிராசசர், 350 வாட் கார்டு, மொத்தம் 520 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் லூப்பை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் தண்ணீர் 2 டிகிரிகூட ஏறாது. அதை 8 லிட்டராக்கப் பாடுபட்டால் மிச்சமாவது ஒரு டிகிரிக்கும் கீழே. அந்தக் காசை ரேடியேட்டருக்கு நல்ல ஃபேன் வாங்கப் போடுங்கள்.

நம் ஊருக்கு டி5 என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. டி5யின் மோட்டாரை உள்ளே ஓடும் தண்ணீரே குளிர வைக்கிறது. டிடிசி சின்னது, அழுத்தம் அதிகம், ஆனால் அதன் அடிப்பக்கச் சூடு காற்றில்தான் போயாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் காற்றே 40 டிகிரி இருக்கும்போது, அதைக் கேபினெட் மூலையில் திருகி வைத்தால் என்ன ஆகும்? கீழே ஹீட்சிங்கும் ஒரு ஃபேனும் இல்லாமல் வைக்கவே கூடாது. அறை 40 என்றால் தண்ணீர் அதைவிட ஒரு 10 டிகிரி கூடத்தான் இருக்கும். டி5க்கு 60 டிகிரி வரை அனுமதி, அதனால் தாங்கும், ஆனால் பெட்ஜி என்கிற பிளாஸ்டிக் கடின டியூப் வேண்டாம், அந்தச் சூட்டில் அது இளகத் தொடங்கினால் ஃபிட்டிங்கிலிருந்து நழுவும். ரப்பர் டியூப் போடுங்கள்.

மாடிரூம் எடிட்டர், திருநகர்

உயரக் கணக்கு புரிந்தது, ரொம்ப நன்றி அண்ணே. மாமாவின் கூலர் மோட்டார் விஷயம்?

இன்வெர்ட்டர் வீடு, திருமங்கலம்

அதற்கு நான் சொல்கிறேன். கூலர் மோட்டார் 230 வோல்ட், வீட்டுச் சுவரிலிருந்து ஓடுவது. உங்கள் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடும். ராத்திரி ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் நிற்காது, பம்ப் நின்றுவிடும். எங்கள் வீட்டில் இதே மாதிரி மீன்தொட்டி மோட்டாரை வைத்து ஒரு லூப் ஓட்டினேன், ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனதை நான் கவனிக்கவில்லை, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துத் தப்பித்துவிட்டது, பிளாக் பக்கத்து டியூப் கையை வைக்க முடியாத அளவு சுட்டது. அன்றைக்கே கழற்றிவிட்டேன். பம்பும் கம்ப்யூட்டரும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கிற பவர் சப்ளையில், ஓட வேண்டும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டும். தவிர, கூலர் மோட்டார் திறந்த குழாயில் தண்ணீரை மேலே தள்ளுவதற்கு உள்ளது, பிளாக்குக்குள் இருக்கிற மெல்லிய செம்புத் தகடுகளின் இடுக்கில் தள்ள அதற்குத் தெம்பு போதாது.

மதர்போர்டு வழியாக வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பிடபிள்யூஎம் டி5 வாங்குங்கள். கரண்ட் சாட்டா வயரில் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, மதர்போர்டின் ஃபேன் பின்னிலிருந்து இழுக்காதீர்கள், அது பெரும்பாலும் 1 ஆம்ப்தான் தரும். வேகம் சொல்லும் வயரை மட்டும் சிபியு ஃபேன் பின்னில் மாட்டினால், பம்ப் நின்றவுடன் போர்டு எச்சரிக்கும். முழு வேகம் 4800 சுற்று, அதில் கேபினெட் தகடே முனகும். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்தால் உங்கள் நாதஸ்வரத்துக்குக் குறுக்கே வராது.

காயில்கடை, மேலூர்

இன்னும் இரண்டு விஷயம் விட்டுப்போச்சு தம்பி. ரேடியேட்டர் உச்சியில், ரிசர்வாயர் கீழே என்றால், காற்று முழுக்க உச்சியில்தான் போய் உட்காரும். அதை வெளியே விட அங்கே மூடி உள்ள ரேடியேட்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போது, ரிசர்வாயர் மூடியும் திறந்திருக்க, அந்த மூடியைத் திறந்தால் மேலே இருக்கிற தண்ணீர் முழுக்கச் சரிந்து ரிசர்வாயர் வழியே வெளியே கொட்டும், கம்ப்யூட்டர் மேலேயே. ஏறுகிற டியூப், இறங்குகிற டியூப் இரண்டிலும் கீழே ஒவ்வொரு வால்வு வைத்து அடைத்துவிட்டுத் திறங்கள்.

ஃபிட்டிங் த்ரெட் ஜி கால் இஞ்ச், நம் ஹார்டுவேர் கடைப் பித்தளை நிப்பிளும் கால் இஞ்ச்தானே என்று திருகாதீர்கள். அது பெரும்பாலும் கூம்பு த்ரெட், இறுக்க இறுக்க அக்ரிலிக்கைப் பிளந்துவிடும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் உள்ளதையே போடுங்கள், டெஃப்லான் டேப் தேவையே இல்லை. அலுமினிய ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு சேர்க்க வேண்டாம், அரித்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், நம் பக்கத்து உப்பு அந்தச் சின்ன இடுக்குகளை ஒரே கோடையில் அடைக்கும்.

மாடிரூம் எடிட்டர், திருநகர்

பிடபிள்யூஎம் டி5, ரிசர்வாயரோடு, ஆர்டர் போட்டுவிட்டேன். மாமாவிடம் கரண்ட் கட் விஷயத்தைச் சொன்னேன், சரி என்றுவிட்டார். நிரப்பும்போது மற்ற எல்லா வயரையும் கழற்றிவிட்டு பம்பை மட்டும் ஓட்டலாமா?

காயில்கடை, மேலூர்

அப்படித்தான் செய்ய வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். விட்டு விட்டு ஓட்டுங்கள், ரிசர்வாயரில் மட்டம் இறங்கியதும் நிறுத்தி ஊற்றிவிட்டு மறுபடி. உள்ளே காற்று இருந்தால் டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரிச் சத்தம் வரும், கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொடுங்கள், போய்விடும். கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு நாள் முழுக்க அப்படியே ஓடட்டும். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள்.