வழிவிட்டே நின்றுபோன வண்டிகள்

பாயான் லெப்பாஸிலிருந்து:
இங்கே பினாங்கில் நான் இரவு ஷிப்ட் பார்க்கும் தொழிற்சாலையில், கிடங்கிலிருந்து சோதனை இயந்திரங்களுக்குத் தட்டுகளைக் கொண்டுபோவது தானியங்கி வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் முகவர், அதாவது தானே முடிவெடுக்கும் நிரல். மேலே உட்கார்ந்து உத்தரவு போடும் தலைமை கிடையாது. தட்டு தேவைப்படும் இயந்திரம் அறிவிப்பு விடும். தூரத்தையும் பேட்டரியில் மிச்சமிருப்பதையும் கணக்கிட்டு வண்டிகள் விலை கூறும். குறைவாகக் கூறியதற்கு வேலை. 1980இல் கணினி அறிஞர் ரீட் ஸ்மித் எழுதிவைத்த ஒப்பந்த வலை நெறிமுறைதான் இது.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால், குறுகிய சந்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர். இரண்டும் பின்வாங்கின. சற்றுப் பொறுத்து இரண்டும் ஒன்றாகவே முன்னே வந்தன, மறுபடியும் பின்வாங்கின. கல்யாண வீட்டு வாசலில் சம்பந்திகள் ‘நீங்கள் முதலில்’ என்று உபசரித்துக்கொள்வார்களே, அதே கூத்து. முட்டி நின்றிருந்தாலாவது மணி அடித்திருக்கும். திரையிலோ இரண்டும் பச்சையாக ‘இயங்குகிறது’ என்றே காட்டின. காத்திருக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்ததுதான் வினை. வண்டி விற்றவர்களின் ஆள் வந்து, அந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாறும்படி செய்ததும் தீர்ந்தது. கணினிகளை இணைக்கும் பழைய ஈதர்நெட் வலையில் செய்திகள் மோதிக்கொண்டால் செய்த வைத்தியமும் இதுதான்.

செராஸிலிருந்து:
அண்ணே, இங்கே கோலாலம்பூர்ப் பக்கம் எங்கள் அலுவலகத்தில் மொழி மாதிரி முகவர்கள், அதாவது படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள். ஒன்று வாடிக்கையாளர் புகாரைப் படிக்கும், ஒன்று பதில் எழுதும், மற்றொன்று சரிபார்க்கும். சரிபார்ப்பது ‘நன்று, ஒரு சிறு திருத்தம்’ என்று அனுப்பும். எழுதுவது ‘நன்றி, திருத்திவிட்டேன்’ என்று திருப்பும். ‘போதும்’ என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் டோக்கன் கணக்கில், அதாவது படித்து எழுதும் சொல்துண்டுகளை எண்ணி, காசு போகிறது! இப்போது மூன்று சுற்றுடன் நிறுத்திவிடுகிறோம். தலைமை இல்லாத ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து:
ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி. ஏலத்திலும் கோளாறு உண்டுதான்: முந்தைய அறிவிப்பின் முடிவு தெரியுமுன்பே அடுத்ததற்கும் விலை கூறிவிட்டு, இரண்டும் கிடைத்துத் திணறும் வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வண்டி படுத்தால் மற்றவை வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தலைமைச் சர்வரை நம்பியிருந்து, அது படுத்தால் கிடங்கே படுத்துவிடும். அது சரி, மூன்று சுற்றிலும் முடியாத புகார் யாரிடம் போகிறது?

செராஸிலிருந்து:
என்னிடம்தான், அண்ணே. காலையில் பெட்டியைத் திறந்தால் முதலில் நிற்பவை அவைதான்.