'வாஷ்' என்பதற்குத் தமிழில்? (நாளை அச்சுக்குப் போகிறது)

கோவையிலிருந்து:
அன்பர்களுக்கு, அவசரம். ஓவிய மாணவர்களுக்கான பாடநூலில் ஆங்கில நீர்வண்ண ஓவியர் ஜான் செல் காட்மன் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது, நாளைக் காலை பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். 1782இல் நாரிச்சில் பிறந்தார், யார்மவுத்துக்குக் குடிபோனார், நார்மண்டிக்கு மூன்று முறை போய் வந்தார் என்று கதையெல்லாம் முடிந்தது. 'வாஷ்' (நீரில் கரைத்த நிறத்தைத் தாளில் மெல்லிய பூச்சாகப் படியவிடுவது) என்ற ஒற்றைச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். 1805 வாக்கில் வரைந்த கிரெட்டா பாலம் படத்தைப் பாருங்கள்: மரம், பாறை, பாலம் எல்லாமே சீரான தட்டை நிறத் துண்டுகள். அந்தப் பூச்சுக்குத்தான் சொல் வேண்டும். 'காட்மனின் புகழ்பெற்ற கழுவல்கள்' என்று எழுதிவிட்டு நானே சிரித்து அழித்துவிட்டேன்.

மதுரையிலிருந்து:
தோய்வு. யோசிக்கவே வேண்டாம். தோய்தல் என்றால் நனைதல், படிதல், தொடுதல். 'வான்தோய்' என்று மலையைச் சொல்வது தெரிந்ததுதானே. வள்ளுவர்கூட வரைவின் மகளிரில் 'தோயார்' என்பார் (அங்கே பொருள் வேறு, வகுப்பில் சொல்ல வேண்டாம்). நிறம் தாளில் படிவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா சொல்வது சரி. எங்கட பக்கம் கோப்பையைத்தான் கழுவுவம், உடுப்பைத் தோய்ப்பம். ஆக, 'வாஷ்' என்ற மூலப்பொருளும் உள்ளுக்கேயே கிடக்கு.

சென்னையிலிருந்து:
முப்பது வருஷமாக நீர்வண்ணம் போடுகிறவன் சொல்கிறேன், யாரும் தாளை எதிலும் தோய்ப்பதில்லை. பலகையைச் சற்றே சாய்த்து, தூரிகை நிறைய நிறம் எடுத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்தால் கீழ்விளிம்பில் நீர் முத்துக் கோத்ததுபோல் தேங்கும். அது காய்வதற்குள் அடுத்த இழுப்பில் அதைக் கீழே இறக்கிக்கொண்டே போக வேண்டும். விட்டால் திட்டு விழும். எனவே 'நீரிழுப்பு'.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நீரிழிவு மாதிரி இருக்கு அண்ணை.

கோவையிலிருந்து:
இன்னொரு சிக்கல். 1830களில் காட்மன் நிறத்தோடு மாவுப்பசை கலந்து தடிப்பாகப் போட ஆரம்பித்தார். அதற்கும் தோய்வுதானா?

மதுரையிலிருந்து:
பேஷாக! தயிர் தோய்வதில்லையா? தெளிந்ததும் தோய்வு, உறைந்ததும் தோய்வு. அப்புறம் அவர் தீட்டாமல் விட்ட வெள்ளைத் தாளுக்கு நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' இருக்கவே இருக்கிறது...

சென்னையிலிருந்து:
அது கோட்டோவியம் ஐயா, நச்சினார்க்கினியர் வண்ணம் கொண்டு எழுதாதது என்றுதான் சொல்கிறார். படம் முழுக்க வண்ணம் இருந்து நடுவே தாளை வெறுமையாக விடுவது வேறு சங்கதி. நேர்எதிரான இரண்டு பூச்சுக்கும் பொருந்துகிறது என்றால் தோய்வு கலைச்சொல்லே இல்லை. காட்மன் 1834 முதல் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில் பையன்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், அந்தப் பையன்களில் பின்னாளில் பெரிய ஓவியரான ராசெட்டியும் உண்டு. புரியாத சொல்லை வைத்துக்கொண்டு எந்த வாத்தியாரும் வகுப்பை ஓட்ட முடியாது. 'வாஷ்' என்றே போடுங்கள்.

கோவையிலிருந்து:
மணி ஒன்றரை. தோய்வுக்கு நான்கு பேர், வாஷுக்கு ஒருவர், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். 'தட்டைத் தோய்வு' என்று போட்டு, முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குள் வாஷ் சேர்க்கிறேன். மாவுப்பசைக்குத் 'தடித்த பூச்சு'. வெறுமையாக விட்ட தாளை 'விட்ட வெள்ளை' என்று வைத்திருக்கிறேன், ஒன்பது மணிக்குள் யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றுகிறேன்.

சென்னையிலிருந்து:
விட்ட வெள்ளை நன்றாக இருக்கிறது. தோய்வை நான் வகுப்பில் சொல்ல மாட்டேன்.