ரோட்டை உசத்திட்டாங்க, கடைக்குள்ள தண்ணி வருது. கார்ப்பரேஷன் மேல கேஸ் போட முடியுமா?

கிரைண்டர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். மும்பைல இட்லி மாவு அரைச்சு குடுக்கிற தொழில் நமக்கு, அப்பா திருநெல்வேலில இருந்து வந்து ஆரம்பிச்சது, காலைல நாலு மணிக்கு சைக்கிள்காரங்க வந்து மாவு எடுத்துட்டு போயிருவாங்க. எந்த ஏரியா எந்த கார்ப்பரேஷன்னு இங்க போடல, மனு இன்னும் ஆபீஸ்ல கிடக்கு, பன்வேல் வரைக்கும் சேர்த்தா இந்தப் பக்கம் ஒன்பது கார்ப்பரேஷன் இருக்கு, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கிடுங்க.

எங்க காலாவுக்குள்ள (மாவு அரைக்கிற கடை) இதுக்கு முன்னாடி தண்ணி வந்தது 2005 ஜூலை 26 அன்னிக்கு மட்டும்தான். போன வருஷம் வாசல்ல சிமெண்ட் ரோடு போட்டாங்க, முடிச்சு பாத்தா ரோடு நம்ம படியை விட ஒரு சாண் உசரம், நம்ம பக்கம் தண்ணி இறங்க கம்பி ஜாலி போட்ட வாயும் வைக்கல. பின்னால நாலா (பெரிய வடிகால் கால்வாய்) இருக்கு, மே மாசம் தூர் வாரி சேறை கரைலயே குவிச்சு வச்சாங்க, முதல் மழைல பாதி திரும்ப உள்ளேயே போயிருச்சு. ஏப்ரல்லயும் ஜூன்லயும் எழுத்துல புகார் குடுத்தேன், சீல் போட்ட காப்பி கைல இருக்கு. ஜூலைல மூணு தடவை தண்ணி உள்ள வந்துச்சு. நாலு மோட்டார் போச்சு, அரிசி பதினொரு மூட்டை, உளுந்து அஞ்சு மூட்டை. ஆபீஸ்ல கேட்டா பெருமழை, கடவுள் செயல், நாங்க என்ன பண்றதுங்கறாங்க. அப்படி சொன்னா முடிஞ்சிருமா? காசு கிடைச்சா நல்லதுதான், ஆனா அடுத்த வருஷம் வரக்கூடாது, அதான் முக்கியம்.

சிவில்கோர்ட்_குமாஸ்தா:
தம்பி, நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருஷம் குமாஸ்தா, இதை படிச்சுட்டு ஒரு வக்கீலை கண்டிப்பா பாருங்க. முதல்ல தேதியை பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். கிரேட்டர் மும்பைக்குள்ளன்னா 1888 மும்பை மாநகராட்சி சட்டம், 527வது செக்‌ஷன். எழுத்துல நோட்டீஸ் குடுத்து ஒரு மாசம் காத்திருக்கணும், கேஸை ஆறு மாசத்துக்குள்ள போடணும். தாணே, நவி மும்பை, வசை விரார் பக்கம்னா 1949 மகாராஷ்டிரா மாநகராட்சிகள் சட்டம், அதுல 487, அங்கயும் அதே மாதிரிதான். மூணு வருஷம் டைம் இருக்குன்னு நினைச்சு உக்காந்து நல்ல கேஸை விட்டவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன், வயிறு எரியும்.

கடவுள் செயல்னு சொல்றது சும்மா எடுபடாது. யாரும் எதிர்பாக்க முடியாத, ஜாக்கிரதையா இருந்தும் தடுக்க முடியாத ஒண்ணா இருக்கணும். 2005ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் பெஞ்சுச்சே, அதுக்கு அப்படி பேசலாம். ஜூலை மாசம் மும்பைல மழை பெய்யறது யாருக்கு தெரியாது? நீங்க ஏப்ரல்லயே எழுதி குடுத்திருக்கீங்க, அந்த சீல் போட்ட காப்பி தங்கம், அவங்களுக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுக்கு அதுதான் சாட்சி.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கார்ப்பரேஷன் ஒரு வேலையை செய்யவே இல்லங்கறது வேற, செஞ்சு அதனால உங்களுக்கு கெடுதல் பண்ணினாங்கங்கறது வேற. 1997ல ராஜ்கோட் கேஸ்ல, ரோட்டோர மரம் விழுந்து நடந்து போன ஒருத்தர் செத்தாரு, சுப்ரீம் கோர்ட் கார்ப்பரேஷன் பொறுப்பில்லன்னு சொல்லிருச்சு. ஆனா 1966ல டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிஞ்சு ஆள் செத்த கேஸ்ல, கட்டடம் உங்களோடது, அதோட நிலைமையை பாத்து வச்சுக்க வேண்டியது உங்க கடமைன்னு டெல்லி கார்ப்பரேஷனையே பொறுப்பாக்கிச்சு. உங்க விஷயத்துல நாலா தூர் வாரலங்கறதை மட்டும் வச்சு போனா கஷ்டம், ரோட்டை உசத்தினாங்க பாருங்க, அதை முன்னால வைங்க.

அப்புறம் காசு இல்லன்னு சொல்வாங்க. 1980ல ரத்லாம் முனிசிபாலிட்டி கேஸ்லயும் அதையேதான் சொன்னாங்க, சாக்கடை கட்ட பணமில்லன்னு, கோர்ட் ஒத்துக்கல. அது நஷ்ட ஈடு கேஸ் இல்ல, பொதுத் தொல்லையை நீக்குன்னு மாஜிஸ்ட்ரேட் போட்ட உத்தரவு, பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்துல 133வது செக்‌ஷன், இப்போ அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 152. அடுத்த வருஷம் தண்ணி வரக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு இந்த வழியையும் வக்கீல்ட்ட கேளுங்க.

விஜி_செம்பூர்:
எனக்கு என்னவோ கேஸ் போட்டு வருஷக்கணக்கா அலையறதை விட வேற வழி பாக்கறது நல்லதுன்னு படுது, எங்க மாமா ஒருத்தர் வேற விஷயத்துக்கு போட்டது இன்னும் நடக்குது. இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்களா தம்பி? சின்ன தொழிலுக்குன்னே பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு 2021 ஏப்ரல்ல இருந்து ஒரு பாலிசி இருக்கு, வெள்ளமும் அதுல கவர் ஆகும். இல்லன்னா இந்த மழைக்காலம் முடிஞ்சதும் எடுத்துருங்க. தண்ணி வந்த அன்னிக்கே பஞ்ச்நாமா (ஆபீஸ்காரங்க வந்து சேதத்தை பாத்து சாட்சியோட எழுதற பேப்பர்) போட்டாங்களா, அது இல்லாம எங்கயும் ஒண்ணும் நகராது.

வடிகால்_ஆளு:
முப்பது வருஷம் கன்சல்டன்ட்கிட்ட மழைநீர் வடிகால் டிசைன்ல வேலை பாத்தவன், ரெண்டு பக்கமும் சொல்றேன். மும்பையோட பழைய வடிகால் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குத்தான் போட்டது, அதுலயும் பாதி தண்ணி மண்ணுக்குள்ள போயிரும்னு கணக்கு. 1993ல மும்பை வடிகாலை பத்தின பிரிம்ஸ்டோவாட் ரிப்போர்ட் 50க்கு மாத்துன்னு சொல்லிச்சு, 2005 வந்து ஆளுங்க செத்த பிறகுதான் அதை தூசி தட்டினாங்க. மண்ணே தெரியாம சிமெண்ட் போட்டாச்சு, பாதி தண்ணி எங்க இறங்கும். இதுல ஹை டைடும் மழையும் ஒண்ணா வந்தா கடல் உள்ள வாங்காது, வடிகால் வாய் பல இடத்துல கடல் ஏறும்போது முங்கிரும், பம்ப் வச்சு தள்ளினாதான் உண்டு. அந்த மாதிரி நாள்ல தண்ணி நின்னா ஆபீஸ்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நான் மறுக்க மாட்டேன்.

ஆனா தம்பி சொல்றது கொள்ளளவு பிரச்சினையே இல்ல, லெவல் பிரச்சினை. ரோடு டிராயிங்ல முடிஞ்ச ரோட்டோட லெவல் எழுதியிருக்கும். ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, பத்து ரூபாதான், முப்பது நாள்ல பதில் வரணும். ரோடு போடறதுக்கு முன்னாடி எடுத்த லெவல், டிராயிங்ல போட்ட லெவல், போட்டு முடிச்ச லெவல் மூணையும் கேளுங்க. நாலாவுக்கு தூர் வாரின தேதி, போட்டோ, லாரி எடை மேடை சீட்டு கேளுங்க, கரைல குவிச்ச சேறு லாரி ஏறுச்சா இல்லையான்னு அதுல தெரிஞ்சுரும். பதில் வர்றதுக்குள்ள ஒரு கொத்தனாரை கூப்பிட்டு தண்ணி டியூப் வச்சு படிக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்து, பக்கத்து கடைக்காரங்க ரெண்டு பேர்ட்ட கையெழுத்து வாங்கி வைங்க.

சிட்னி_செல்வி:
நான் மும்பைல வளந்தவ, இப்போ சிட்னி. இங்க நியூ சவுத் வேல்ஸ்ல 1993 லோக்கல் கவர்ன்மென்ட் சட்டத்துல 733னு ஒரு செக்‌ஷன். வெள்ள அபாயம் பத்தி கவுன்சில் நல்லெண்ணத்தோட சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் அவங்க மேல கேஸ் போட முடியாது, அரசோட வெள்ள மேனுவல்படி நடந்திருந்தா அது நல்லெண்ணம்னு எடுத்துப்பாங்க. வீடு வாங்கறப்போ குடுக்கற பிளானிங் சர்டிபிகேட்லயே அந்த இடத்துக்கு வெள்ளக் கட்டுப்பாடு இருக்கான்னு இருக்கும். எனக்கு முதல்ல இது கவுன்சிலை காப்பாத்தற சட்டமாத்தான் பட்டுச்சு, அப்புறம் யோசிச்சா, உண்மையை சொன்னா மாட்டிக்குவோம்ங்கற பயம் இல்லாததால மேப்பை வெளிய காட்டறாங்க.

வடிகால்_ஆளு:
செல்வி சொன்னது சரி. இங்க பயமே அதுதான், இந்த இடத்துல தண்ணி நிக்கும்னு ஒரு இன்ஜினியர் எழுதி வச்சா நாளைக்கு அந்த பேப்பரே அவன் தலைல விழும்னு நினைக்கறான், அதனால எழுதறதே இல்ல. எழுதாம விட்டா யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நினைப்பு. 2020 ஜூன்ல ஐஃப்ளோஸ்னு மும்பைக்கு வெள்ள எச்சரிக்கை சிஸ்டமே வந்தாச்சு, இனிமே எங்களுக்கு தெரியாதுன்னு எப்படி சொல்றது. தெரிஞ்சதை எழுதி, பணம் கேட்டு ஃபைல் அனுப்பி, எதை முதல்ல செய்யறோம் ஏன்னு காரணம் போட்டு வச்சா, அந்த இன்ஜினியருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கிரைண்டர்_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு கொத்தனார் வந்து டியூப் வச்சு அளந்தாரு, 21 சென்டிமீட்டர். பக்கத்துல பூட்டுக் கடைக்காரரும் டெய்லர் அண்ணாச்சியும் கையெழுத்து போட்டாங்க. பஞ்ச்நாமா மூணாவது தடவைக்கு மட்டும்தான் போட்டாங்க விஜி அக்கா, இன்ஷூரன்ஸ் இல்ல. ஆர்டிஐ நாளைக்கு போடறேன். முதல் தண்ணி ஜூலை 3, அப்போ ஜனவரி 3க்குள்ளயா? இன்னொண்ணு, வாசல்ல ரெண்டு அடி உம்பரா (தண்ணி வராம வாசல் தடுப்பு) கட்டி மோட்டாரை ஸ்டாண்டு மேல ஏத்தலாம்னு இருக்கேன், அப்படி செஞ்சா நீங்களே சரி பண்ணிக்கிட்டீங்களேன்னு கேஸ் வீக் ஆயிருமா?

சிவில்கோர்ட்_குமாஸ்தா:
ஆகாது தம்பி, தாராளமா கட்டுங்க. நஷ்டத்தை குறைக்க நீங்க என்ன பண்ணீங்கன்னு கோர்ட்டே கேக்கும், சும்மா உக்காந்திருந்தாதான் தப்பு. கட்டறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற படியை அளவோட போட்டோ எடுங்க, சிமெண்ட், செங்கல், கூலி எல்லாத்துக்கும் பில் வாங்கி வைங்க, அந்த செலவையும் கேக்கலாம். தேதி ஜனவரி 3தான், ஆனா நோட்டீஸுக்கு ஒரு மாசம் போயிரும், நவம்பர் வரைக்கும் விடாதீங்க, இந்த மாசமே வக்கீல்ட்ட குடுத்து அனுப்பிருங்க.